குறுங்குழிகளும் நெடுங்குழிகளும் (குழிப்பந்தாட்டம்)

குழிப்பந்தாட்டத் (கோல்ஃப்) திடலின் ஆட்டப் பகுதிகள் அவற்றின் நீளத்தைக் கொண்டு குறுங்குழி, இடைக்குழி, நெடுங்குழி என வகைப்படுத்தப்படுகின்றன. திறமையான ஆட்டக்காரர் ஒருவர் முதல் அடியிலேயே பந்தைக் கிரீனில் சேர்க்கக்கூடிய குழி குறுங்குழி ஆகும். அதற்கு இரண்டு அடிகள் தேவைப்படுவது இடைக்குழி. மூன்று அடிகள் தேவைப்படுவது நெடுங்குழி. 18 குழிகள் கொண்ட வழக்கமான திடலொன்றில் பெரும்பாலும் நான்கு குறுங்குழிகளும் பத்து இடைக்குழிகளும் நான்கு நெடுங்குழிகளும் அமைந்திருக்கும்.

நீளம் கூடக் கூடக் கடினமும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் உயர்நிலைத் தொழில்முறைப் போட்டிகளில் இதற்கு மாறான நிலையே காணப்படுகிறது. அங்கு நெடுங்குழிகளில் ஆட்டக்காரர்கள் பெறும் சராசரி, குறிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாகவும், குறுங்குழிகளில் பெறும் சராசரி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கிறது. இம்முரண்பாட்டின் காரணங்கள், இருவகைக் குழிகளும் ஆட்டக்காரரிடம் வேண்டும் திறன்கள், அவற்றின் ஈர்ப்பு, நீளத்தைப் பற்றி இன்று நடைபெறும் விவாதம் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

அடிப்படைச் சொற்கள்

குழிப்பந்தாட்டத்தில் 'குழி' என்ற சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. பந்து இறுதியில் விழ வேண்டிய, 4.25 அங்குலம் (108 மில்லிமீட்டர்) விட்டமுள்ள துளை ஒன்று. தொடக்க மேடையிலிருந்து அத்துளை வரையுள்ள முழு ஆட்டப் பகுதி மற்றொன்று. இக்கட்டுரையில் இரண்டாவது பொருளே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

ஆட்டக்காரர் முதல் அடியை அடிக்கும் இடம் தொடக்க மேடை (டீ) எனப்படும். அங்கிருந்து கிரீன் வரை சீராக வெட்டப்பட்ட புல் நிலம் ஃபேர்வே ஆகும். அதன் இருபுறமும் உயரமாக வளரவிடப்பட்ட அடர்புல் ரஃப் எனப்படும். துளையைச் சுற்றி மிகவும் ஒட்ட வெட்டப்பட்ட புல்தளமே கிரீன். இங்குப் பந்து காற்றில் அடிக்கப்படாமல் பட்டர் என்னும் மட்டையால் உருட்டப்படுகிறது. இவ்வாறு உருட்டுவது பட் எனப்படும். வழியில் மணல் நிரப்பிய பள்ளங்களும் (பங்கர்), ஓடைகளும் குளங்களும் தடைகளாக அமைக்கப்படுகின்றன.

ஒரு குழியைத் தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பார் ஆகும். பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் பேர்டி எனவும், இரண்டு அடி குறைவாக முடித்தால் ஈகிள் எனவும், மூன்று அடி குறைவாக முடித்தால் அல்பட்ராஸ் எனவும் வழங்குவர். பாரைவிட ஓர் அடி கூடினால் அது போகி ஆகும்.

தொலைவு பெரும்பாலும் கெஜத்தில் குறிக்கப்படுகிறது. 1 கெஜம் என்பது 0.9144 மீட்டர். எனவே 100 கெஜம் ஏறத்தாழ 91 மீட்டருக்குச் சமம்.

நீளமும் பாரும்

ஒவ்வொரு குழியிலும் கிரீனை அடைந்தபின் இரண்டு பட்டுகள் தேவைப்படும் என்று கொள்வது மரபு. கிரீனை அடையத் தேவையான அடிகளோடு இவ்விரண்டையும் கூட்டினால் பார் கிடைக்கும். இதன்படி குறுங்குழியின் பார் 3, இடைக்குழியின் பார் 4, நெடுங்குழியின் பார் 5 ஆகின்றன.

ஐக்கிய அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1911ஆம் ஆண்டில் வகுத்த வரையறையில் 225 கெஜம் வரையுள்ளவை பார் 3 எனவும், 425 கெஜம் வரையுள்ளவை பார் 4 எனவும், 600 கெஜம் வரையுள்ளவை பார் 5 எனவும் கொள்ளப்பட்டன. 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக ஹாண்டிகேப் முறையின் பரிந்துரைகள் வருமாறு:

* பார் 3: ஆண்களுக்கு 260 கெஜம் வரை; பெண்களுக்கு 220 கெஜம் வரை
* பார் 4: ஆண்களுக்கு 240 முதல் 490 கெஜம், பெண்களுக்கு 200 முதல் 420 கெஜம்
* பார் 5: ஆண்களுக்கு 450 முதல் 710 கெஜம்; பெண்களுக்கு 370 முதல் 600 கெஜம்
* பார் 6: ஆண்களுக்கு 670 கெஜத்திற்கு மேல், பெண்களுக்கு 570 கெஜத்திற்கு மேல்

இவ்வெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது கவனிக்கத்தக்கது. 470 கெஜம் நீளமுள்ள குழியைப் பார் 4 எனவும் கூறலாம். பார் 5 எனவும் கூறலாம். மேட்டு நிலமா தாழ்நிலமா, எதிர்க்காற்றா பின்காற்றா, வழியில் ஓடை உண்டா என்பனவற்றைக் கொண்டு திடல் நிர்வாகத்தினர் முடிவு செய்கின்றனர். நிலம் மாறாமலே, பெயர் மட்டும் மாறுவதால் ஒரு குழி 'எளிது' என்றோ 'கடினம்' என்றோ தோன்றக்கூடும். ஆட்டத்தின் முடிவில் எண்ணப்படுவது மொத்த அடிகளே அன்றிப் பார் அல்ல.

நீளம் எவ்வாறு கடினத்தை உண்டாக்குகிறது

நெடுந்தொலைவு அடிகள் கடினமாவதற்கு எளிய வடிவியற் காரணம் ஒன்று உண்டு. அடித்த பந்து குறியிலிருந்து 5 பாகை விலகிச் செல்வதாகக் கொள்வோம். 130 கெஜத் தொலைவில் அது குறிக்கு ஏறத்தாழ 11 கெஜம் பக்கவாட்டில் விழும். அதே 5 பாகை விலகல் 260 கெஜத் தொலைவில் ஏறத்தாழ 23 கெஜமாகிவிடும். முதலாவது பந்து கிரீனின் ஓரத்திலோ அதனை ஒட்டிய மணற்பள்ளத்திலோ கிடக்கும். இரண்டாவது பந்து ஃபேர்வேயைத் தாண்டி அடர்புல்லிலோ மரங்களுக்கு இடையிலோ கிடக்கும். கைப்பிழை ஒன்றே, அதற்குரிய தண்டனையோ தொலைவுக்கேற்ப வளர்கிறது.

தொலைவு கூடும்போது மட்டையும் மாறுகிறது. குறுந்தொலைவிற்குப் பயன்படும் வெட்ஜ் என்னும் மட்டையின் முகம் மிகவும் சாய்ந்திருப்பதால் பந்து உயரமாக எழுந்து, பின்சுழற்சியுடன் விழுந்து விரைவில் நின்றுவிடும். நெடுந்தொலைவிற்கான மட்டைகளின் முகம் நிமிர்ந்தது, கைப்பிடி நீண்டது. அவற்றால் அடிக்கப்படும் பந்து தாழ்வாகப் பறந்து, தரையில் விழுந்தபின் நெடுந்தூரம் உருளும். ஆகையால் 200 கெஜத்திலிருந்து ஒரு கிரீனில் பந்தை நிறுத்துவது 100 கெஜத்திலிருந்து நிறுத்துவதைவிடப் பன்மடங்கு கடினமாகும்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளைப் பற்றிய பெருந்தொகையான தரவுகளை ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டார். சிறந்த ஆட்டக்காரருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்திற்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளாலேயே உண்டாகிறது என்பது அவரது முடிவுகளில் ஒன்று. கிரீனில் உருட்டும் திறமையே வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற பழைய நம்பிக்கையை இம்முடிவு பெரிதும் தளர்த்தியது.

குறுங்குழியின் கடினம்

இவ்வாறாயின் குறுங்குழிகளே எளியவையாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, குறுங்குழியில் ஈடுசெய்ய இடமில்லை. நெடுங்குழியில் ஓர் அடி தவறினாலும், கிரீனை அடையும் முன் அதனைச் சரிசெய்ய இன்னோர் அடி எஞ்சியிருக்கும். குறுங்குழியில் கிரீனை அடைவதற்கென ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் அடிதான். அது தவறினால் பார் பெறுவதற்கே கிரீனுக்கு வெளியிலிருந்து துல்லியமாக ஆட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, வடிவமைப்பாளர்கள் நீளக் குறைவை வேறு வழிகளில் ஈடுசெய்கின்றனர். தொலைவு குறுகக் குறுகக் கிரீன் சிறிதாகிறது. சுற்றிலும் மணற்பள்ளங்கள் ஆழமாகின்றன. ஓடையோ குளமோ நெருங்கி வருகிறது. தொடக்க மேடையில் பந்தைச் சிறு முளையின்மேல் வைத்து, தான் விரும்பிய மட்டையைத் தேர்ந்து அடிக்கும் வசதி ஆட்டக்காரருக்கு இருப்பதால், அவரிடம் கூடுதலான துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயம் எனக் கருதப்படுகிறது.

மூன்றாவது, காற்றும் மனநிலையும் ஆகும். உயரமாக எழும் குறுந்தொலைவுப் பந்தைக் காற்று எளிதில் அலைக்கழிக்கும். கலிபோர்னியாவில் கடலை ஒட்டி அமைந்த பெபிள் பீச் திடலின் 7ஆம் குழி ஏறத்தாழ 106 கெஜம் மட்டுமே. அமைதியான நாளில் வெட்ஜால் மெல்லத் தட்டினால் போதும். கடற்காற்று வலுக்கும்போது அதே குழிக்குப் பன்மடங்கு வலிய அடி தேவைப்படுகிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதி நாளில் வீசிய கடுங்காற்றில் டாம் கைட் இங்குக் கிரீனைத் தவறவிட்டார். எனினும் வெளியிலிருந்து தட்டிய பந்து நேரே துளைக்குள் விழ, அவர் பேர்டி பெற்றார், அப்போட்டியையும் வென்றார்.

புளோரிடாவிலுள்ள டிபிசி சாகிராஸ் திடலின் 17ஆம் குழி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 137 கெஜம் நீளமுள்ள இக்குழியின் கிரீன் ஏறத்தாழ முழுவதும் நீரால் சூழப்பட்ட தீவு போன்றது. திடல் கட்டப்பட்டபோது இப்பகுதியிலிருந்து மணல் அள்ளப்பட்டதால் பெரும்பள்ளம் உண்டாயிற்று. அதனை நீரால் நிரப்பித் தீவாக்கலாம் என்று வடிவமைப்பாளர் பீட் டையிடம் அவர் மனைவி ஆலிஸ் டை கூறியதன் விளைவே இக்குழி. 2005ஆம் ஆண்டு பிளேயர்ஸ் போட்டியில் பாப் ட்வே இங்கு 12 அடிகள் எடுத்தார். தொலைவு பெரிதன்று, தவறினால் மீட்சியில்லை என்ற எண்ணமே கையை நடுங்கச் செய்கிறது.

நெடுங்குழியின் கடினம்

நெடுங்குழி வேறுவகைச் சோதனையாகும். இங்கு ஆட்டக்காரர் தொடர்ந்து பல நல்ல அடிகளை அடிக்க வேண்டும். அதனினும் முக்கியமாக, ஒவ்வோர் அடிக்கும் முன்னர் ஒரு முடிவெடுக்க வேண்டும். கிரீனை இரண்டே அடிகளில் எட்ட முயல்வதா, தடைக்கு முன்னால் பந்தை நிறுத்தி மூன்றாவது அடியில் எட்டுவதா என்பதே பார் 5 குழியின் மையக் கேள்வி. முதல் வழியில் வெற்றி கண்டால் ஈகிளுக்கு வாய்ப்புண்டு. தோற்றால் பந்து நீரில் விழும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலின் 14ஆம் குழி, பெயராலேயே 'நீண்டது' எனப்படுவது. 618 கெஜம் நீளமுள்ள அதன் வழியில் 'நரகம்' என்று பெயர்பெற்ற பெரும் மணற்பள்ளம் உள்ளது. 1995ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜாக் நிக்கலஸ் அதிலிருந்து வெளிவரவே நான்கு அடிகள் எடுத்து, அக்குழியைப் பத்து அடிகளில் முடித்தார்.

நெடுங்குழியில் வலிமை உதவும் எனினும் அதுவே வழி அன்று. 2007ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் ஜாக் ஜான்சன் நான்கு நாட்களிலும் அகஸ்டா திடலின் எந்தப் பார் 5 குழியிலும் இரண்டு அடிகளில் கிரீனை எட்ட முயலவில்லை. ஒவ்வொரு முறையும் தனக்குப் பழக்கமான தொலைவில் பந்தை நிறுத்தி, மூன்றாவது அடியை வெட்ஜால் அடித்தார். பதினாறு முறை ஆடிய அக்குழிகளில் பாரைவிட 11 அடிகள் குறைவாகப் பெற்றுப் போட்டியை வென்றார். நெடுந்தொலைவு அடிக்கும் ஆட்டக்காரர் பலரும் அவருக்குப் பின்னால் நின்றனர்.

இடைக்குழிகளின் இரு முனைகள்

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மிகவும் கடினமானவை பெரும்பாலும் நீண்ட பார் 4 குழிகளே. இவற்றில் நெடுங்குழியின் தொலைவு உண்டு. நெடுங்குழி தரும் கூடுதல் அடி இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆம் குழியான 'சாலைக்குழி' 2010இல் 495 கெஜமாக நீட்டப்பட்டது. அகஸ்டா திடலின் 13ஆம் குழி 2022 வரை 510 கெஜமாக இருந்தது. இரண்டிற்கும் இடையே 15 கெஜமே வேறுபாடு. ஆனால் முன்னது பார் 4, பின்னது பார் 5. சாலைக்குழியின் கிரீனுக்கு முன்னால் ஆழமான மணற்பள்ளமும் பின்னால் சாலையும் கற்சுவரும் உள்ளன. 1978ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டு அடிகளில் கிரீனை அடைந்தும், அவர் உருட்டிய பந்து மணற்பள்ளத்தில் விழுந்ததால் ஒன்பது அடிகள் எடுத்தார். 1984இல் டாம் வாட்சனின் இரண்டாவது அடி கிரீனைக் கடந்து சுவரருகே சென்று நின்றது. அவ்வாண்டுப் போட்டியை செவே பாயஸ்டெரோஸ் வென்றார்.

மறுமுனையில் இருப்பவை குறுகிய பார் 4 குழிகள். லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் தாமஸ் வடிவமைத்த ரிவியேரா திடலின் 10ஆம் குழி 315 கெஜம் மட்டுமே. வலிமையுள்ளோர் முதல் அடியிலேயே கிரீனை எட்டலாம். ஆனால் கிரீன் ஒடுக்கமானது. வழிக்குக் குறுக்காகச் சாய்ந்து கிடப்பது. துணிந்து அடித்துத் தவறியவர் பார் பெறுவதற்கே தடுமாறுவர். பொறுமையாக இடப்பக்கம் பந்தை நிறுத்தியவர் எளிய இரண்டாவது அடியைப் பெறுவார். இத்தகைய குழிகள் ஆட்டக்காரரின் ஆசையையே தடையாகப் பயன்படுத்துகின்றன எனலாம்.

ராயல் ட்ரூன்: ஒரே திடலில் இரு முனைகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ராயல் ட்ரூன் திடலில் இவ்விரு வகைகளையும் அருகருகே காணலாம். இங்கு 1923 முதல் 2024 வரை பத்து முறை ஓப்பன் போட்டி நடைபெற்றுள்ளது. 2024ஆம் ஆண்டுப் போட்டியில் இதன் 6ஆம் குழி 623 கெஜமாக அமைக்கப்பட்டு, ஓப்பன் வரலாற்றிலேயே மிக நீண்ட குழியாயிற்று. அதற்கு இரண்டு குழிகள் தள்ளியுள்ள 8ஆம் குழி 123 கெஜம் மட்டுமே. ஓப்பன் நடைபெறும் திடல்களில் மிகக் குறுகிய குழி இதுவே. ஒன்று மற்றொன்றைப் போல ஐந்து மடங்கிற்கும் மேல் நீண்டது.

8ஆம் குழியின் பெயர் 'அஞ்சல்தலை'. அதன் கிரீன் அவ்வளவு சிறியது என்று வில்லி பார்க் இளையவர் எழுதியதிலிருந்து இப்பெயர் நிலைத்தது. மணல்மேட்டின் பக்கவாட்டில் ஒடுங்கிக் கிடக்கும் கிரீனைச் சுற்றி ஐந்து மணற்பள்ளங்கள் உள்ளன. இடப்பக்கத்திலுள்ள ஒன்று 'சவப்பெட்டி' எனப்படுகிறது. 1950ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜெர்மானிய ஆட்டக்காரர் ஹெர்மன் டிசீஸ் இம்மணற்பள்ளங்களுக்கு இடையே அலைந்து 15 அடிகள் எடுத்தார். 1997இல் டைகர் வுட்ஸ் இறுதி நாளில் இங்கு 6 அடிகள் எடுத்தார்.

இதே குழியில் இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1923இல் ட்ரூனில் நடைபெற்ற ஓப்பனுக்குத் தகுதிபெறத் தவறிய ஜீன் சாரசென், ஐம்பது ஆண்டுகள் கழித்து 1973இல், தமது 71ஆம் வயதில் அங்கு மீண்டும் ஆடினார். முதல் நாளில் 5ஆம் எண் அயர்ன் மட்டையால் அவர் அடித்த பந்து நேரே துளைக்குள் சென்றது. மறுநாள் அவரது முதல் அடி மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த பந்தும் துளைக்குள் விழுந்தது. இரண்டு நாட்களில் மூன்றே அடிகள். பட்டர் மட்டையை அவர் தொடவே இல்லை.

இதே சாரசென் 1935ஆம் ஆண்டில் அகஸ்டா திடலின் 15ஆம் குழியில், ஏறத்தாழ 235 கெஜத்திலிருந்து இரண்டாவது அடியில் பந்தைத் துளைக்குள் செலுத்தி அல்பட்ராஸ் பெற்றவர். கிரெய்க் வுட்டைவிட மூன்று அடிகள் பின்தங்கியிருந்த அவர் அந்த ஓர் அடியால் சமநிலைக்கு வந்து, மறுநாள் நடந்த தீர்வாட்டத்தில் வென்றார். நெடுங்குழியிலும் குறுங்குழியிலும் இத்தகைய பெயரை ஒருவரே பெற்றது அரிது.

ராயல் ட்ரூன் கழகத்தின் இலத்தீன் முழக்கம், 'வலிமையால் எவ்வளவோ திறமையாலும் அவ்வளவு' என்ற பொருளைத் தருவது. 6ஆம் குழியையும் 8ஆம் குழியையும் அடுத்தடுத்து ஆடுவோருக்கு அதன் பொருள் தனியே விளக்கப்பட வேண்டியதில்லை.

அகஸ்டாவின் 12ஆம் குழி

மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும் அகஸ்டா நேஷனல் திடலைப் பாபி ஜோன்ஸும் அலிஸ்டர் மெக்கென்சியும் வடிவமைத்தனர். அதன் 12ஆம் குழி 155 கெஜம். கிரீனுக்கு முன்னால் ரே ஓடை ஓடுகிறது. பின்னால் மணற்பள்ளங்கள் உள்ளன. கிரீன் பக்கவாட்டில் அகன்றது. முன்னிருந்து பின்னாக மிகவும் ஒடுங்கியது. அதன் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தொலைவில் இருப்பதால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து சற்று வலப்புறம் விலகினால் தொலைவு போதாமல் ஓடையில் விழும். மரங்களுக்கிடையே சுழலும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைக் கணிப்பதும் எளிதன்று.

1980இல் டாம் வைஸ்காஃப் இங்கு 13 அடிகள் எடுத்தார். 2016இல் ஜோர்டன் ஸ்பீத் இறுதி நாளின் முதல் ஒன்பது குழிகள் முடிந்தபோது ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்தார். 10, 11ஆம் குழிகளில் போகி பெற்றபின், 12ஆம் குழியில் இரண்டு பந்துகளை ஓடையில் இழந்து 7 அடிகள் எடுத்தார். டேனி வில்லெட் வென்றார். 2019இல் முன்னிலையில் இருந்த பிரான்செஸ்கோ மொலினாரியின் பந்தும் இதே ஓடையில் விழுந்தது. கிரீனின் பாதுகாப்பான பகுதியை நோக்கி அடித்துப் பார் பெற்ற டைகர் வுட்ஸ் அவ்வாண்டின் வெற்றியாளரானார்.

யாருக்கு எது கடினம்

மேற்கூறியவை தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பொருந்துவன. பொழுதுபோக்கிற்காக ஆடுவோர் நிலை வேறு. முதல் அடியில் 200 கெஜம் அடிக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 150 கெஜக் குறுங்குழியின் கிரீனை அவர் ஓர் அடியில் எட்டலாம். 500 கெஜ நெடுங்குழியை 200, 170, 130 கெஜம் என மூன்று அடிகளில் எட்டலாம். ஆனால் 450 கெஜம் நீளமுள்ள பார் 4 குழியை அவரால் இரண்டு அடிகளில் எட்டவே இயலாது. ஏட்டில் பார் 4 எனப்படும் அக்குழி அவருக்கு உண்மையில் பார் 5 ஆகும். ஹாண்டிகேப் முறையில் பல கழகங்கள் கூடுதல் அடிச் சலுகையை நீண்ட குழிகளுக்கு முதலிலும், குறுங்குழிகளுக்குக் கடைசியிலும் வழங்குவதற்கு இதுவே காரணமாகும்.

ஆகவே ஒரு குழியின் கடினம் நிலத்தில் மட்டும் இல்லை. ஆடுபவருக்கும் நிலத்திற்கும் உள்ள உறவில் இருக்கிறது. இதனைக் கருதியே ஒரு குழிக்குப் பல தொடக்க மேடைகள் அமைக்கப்படுகின்றன. 2011இல் ஐக்கிய அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கமும் இணைந்து, தம் வலிமைக்கேற்ற முன்மேடையிலிருந்து ஆடுமாறு ஆட்டக்காரர்களை ஊக்குவிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கின.

ஈர்ப்பு

குறுங்குழியின் ஈர்ப்பு அதன் முழுமையில் உள்ளது. தொடக்க மேடையில் நிற்பவர் துளையையும் தடைகளையும் ஒரே பார்வையில் காண்கிறார். அடித்த சில நொடிகளில் விளைவு தெரிந்துவிடும். ஒரே அடியில் குழியை முடிக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் இங்கு மட்டுமே உண்டு. சாதாரண ஆட்டக்காரருக்கு அது ஏறத்தாழ 12,500 முயற்சிகளில் ஒன்று என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. புதிதாக ஆடுபவரும் தேர்ந்தவரும் ஒரே மேடையில் நின்று ஏறத்தாழ ஒரே மட்டையால் போட்டியிடக்கூடிய இடமும் குறுங்குழியே.

நெடுங்குழியின் ஈர்ப்பு அதன் வளர்ச்சியில் உள்ளது. முழு வலிமையுடன் அடித்த பந்து வானில் நீண்டு செல்வதைக் காண்பது தனி மகிழ்ச்சி. ஒரு பிழைக்குப் பிறகும் நம்பிக்கை எஞ்சியிருக்கிறது. அடிதோறும் நிலைமை மாறுவதால், ஆட்டத்தில் பின்தங்கியவரும் ஒரே குழியில் இரண்டு, மூன்று அடிகளை மீட்டுக்கொள்ள இயலும்.

மெக்கென்சி 1920இல் வெளியிட்ட திடல் வடிவமைப்பு நூலில், நல்ல திடலொன்றில் சிறந்த இரண்டடிக் குழிகள் மிகுதியாகவும், குறைந்தது நான்கு ஓரடிக் குழிகளும் இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு குழியும் வெவ்வேறு இயல்புடையதாக அமைய வேண்டும் என்பதும், திறமை குறைந்தவரும் மகிழ்ச்சியுடன் ஆட இடமிருக்க வேண்டும் என்பதும் அவரது கொள்கைகளாகும்.

நீளத்தைப் பற்றிய விவாதம்

பந்தும் மட்டையும் மேம்படுந்தோறும் திடல்கள் நீண்டு வந்துள்ளன. இறகு திணித்த தோற்பந்தின் இடத்தை 1848 முதல் கட்டபெர்ச்சா என்னும் மரப்பால் பந்து பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் இழைகளைச் சுற்றிய ஹாஸ்கல் பந்து பரவியது. 1902ஆம் ஆண்டு ஓப்பனைச் சாண்டி ஹெர்ட் அப்பந்தைக் கொண்டு வென்றார். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் முதல் அடியின் சராசரித் தொலைவு 1980இல் ஏறத்தாழ 257 கெஜமாக இருந்தது. 2023இல் அது ஏறத்தாழ 300 கெஜமாயிற்று.

இதற்கு ஈடுகொடுக்கத் திடல்கள் நீட்டப்பட்டன. 1997இல் டைகர் வுட்ஸ் 12 அடிகள் வேறுபாட்டில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது அகஸ்டா திடலின் நீளம் 6,925 கெஜம். அது 2002இல் 7,270 கெஜமாகவும், 2006இல் 7,445 கெஜமாகவும் நீட்டப்பட்டது. நீட்டிய பின் நடந்த 2002ஆம் ஆண்டுப் போட்டியையும் வுட்ஸே வென்றார். நீளம் கூட்டுவது வலிமை குறைந்தவர்களையே முதலில் பாதிக்கும் என்போர் இதனைச் சுட்டிக்காட்டுவர். மறுதரப்பினர் 2007இல் ஜாக் ஜான்சன் பெற்ற வெற்றியைச் சுட்டுவர். 2023இல் 13ஆம் குழியின் தொடக்க மேடை பின்னுக்குத் தள்ளப்பட்டு, அதன் நீளம் 545 கெஜமாயிற்று.

குறுங்குழிகளும் இப்போக்கிற்குத் தப்பவில்லை. ஓக்மான்ட் திடலின் 8ஆம் குழி 2007ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் 288 கெஜமாகக் குறிக்கப்பட்டு, இறுதி நாளில் 300 கெஜமாக ஆடப்பட்டது. அது பார் 3 குழி என்பது குறிப்பிடத்தக்கது. முழு வலிமையையும் வேண்டும் இத்தகைய குழி, குறுங்குழியின் நுட்பத்தை இழந்துவிடுகிறது என்ற குறை கூறப்படுகிறது.

நீண்ட திடலுக்குக் கூடுதலான நிலமும் நீரும் பராமரிப்புச் செலவும் தேவை. ஆடி முடிக்கவும் நேரம் கூடுகிறது. அகஸ்டா போன்ற கழகங்கள் அருகிலுள்ள நிலத்தை வாங்கி விரிவாக்கலாம். கடலுக்கும் ஊருக்கும் இடையே அமைந்த பழைய திடல்களுக்கு அவ்வழி இல்லை. இவற்றைக் கருத்திற்கொண்டு, பந்து பறக்கும் தொலைவைக் குறைக்கும் வகையில் அதன் சோதனை முறையை மாற்றப்போவதாக ஆர் அண்ட் ஏ அமைப்பும் ஐக்கிய அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் 2023 டிசம்பரில் அறிவித்தன. இதற்குப் பந்து தயாரிப்பாளர்களிடமிருந்தும் ஆட்டக்காரர்களிடமிருந்தும் ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன.

குறுந்திடல்கள்

நீளத்தை நோக்கிய ஓட்டத்திற்கு மாற்றாக, குறுங்குழிகள் மட்டுமே கொண்ட திடல்கள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. ஓரிகன் மாநிலத்தின் பேண்டன் டியூன்ஸில் 2012இல் 13 குறுங்குழிகளுடன் ஒரு திடல் திறக்கப்பட்டது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட்டில் 2017இல் திறக்கப்பட்ட 'தொட்டில்' என்னும் திடலின் ஒன்பது குழிகளும் சேர்ந்து 789 கெஜமே. சிறுவர், முதியவர், புதியவர் ஆகியோர் ஒன்றாக ஆட இவை இடமளிக்கின்றன.

அகஸ்டாவிலும் 1958இல் குறுங்குழித் திடலொன்று அமைக்கப்பட்டது. 1960 முதல் மாஸ்டர்ஸ் போட்டிக்கு முந்திய நாளில் ஆட்டக்காரர்கள் அங்கு ஒரு நட்புப் போட்டி ஆடுகின்றனர். பலர் தம் பிள்ளைகளையே மட்டை சுமப்போராக உடன் அழைத்து வருவர். 1960 முதல் 2025 வரை குறுங்குழிப் போட்டியில் வென்ற எவரும் அதே ஆண்டில் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் வென்றதில்லை. அதனால் அங்கு வெல்லாமல் இருப்பதே நல்லது என்று ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகக் கூறிக்கொள்வதுண்டு.